கொதிக்கவைத்த மோர்

திங்கள், புதன், வெள்ளி. வாரத்தில் இந்த மூன்று நாட்களும் காலை ஏழே முக்காலுக்கு எங்கள் சயின்ஸ் டீச்சர், மூடி போட்ட எவர்சில்வர் கிண்ணம் ஒன்றோடு எங்கள் வீட்டு வாசலில் வந்து நிற்பார். கொஞ்சம் உறை மோர் வேண்டும் என்பார். வாங்க டீச்சர் என்று அம்மா அவரை நேராகச் சமையலறைக்குள் அழைத்துப் போவாள். கதவு முக்கால்வாசி சாத்திக்கொள்ளும். எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் கூடத்தில் இருந்தது. அதனால் கிண்ணத்தில் இரண்டு கரண்டி மோர் ஊற்றி வைப்பது என் வேலை. உள்ளே டம்ளர் நகரும் சத்தம் கேட்கும். சில நாள் சின்னதாக ஒரு சிரிப்பு, சில நாள் அதுவும் இல்லை. ஐந்து நிமிஷத்தில் டீச்சர் வெளியே வந்து கிண்ணத்தை வாங்கிக்கொள்வார். திறந்துகூடப் பார்க்க மாட்டார்.

எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. ஸ்ரீரங்கத்தில் அடையவளஞ்சான் தெருவில் குடியிருந்தோம். உறை மோருக்கு ஒரு வீட்டுக் கதவைத் தட்டுவது அந்தத் தெருவில் அதிசயமே இல்லை. கேட்டால் இல்லை என்று சொல்லக் கூடாது, விளக்கு வைத்த பிறகு கேட்டால் கொடுக்கக் கூடாது என்று இரண்டே சட்டம்தான். மற்றபடி ஊர்ப்பட்ட வீடுகளின் தயிர் ஊர்ப்பட்ட வீடுகளுக்குள் போய் வந்துகொண்டிருந்தது. ஆனாலும் வாரத்துக்கு மூன்று தடவை யார் கேட்பார்கள்?

இப்படிக் கேள்வி கேட்கவேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவரே டீச்சர்தான்.

அந்த வருஷம்தான் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்திருந்தார். லால்குடிக்காரர். தற்காலிக வேலை, தாளாளருக்குப் பிடிக்காமல் போனால் அன்றைக்கே முடிந்துபோகும் வேலை. அடுத்த தெருவில் ஒரு மாடி அறையில் தனியாக இருந்தார். பின்னலை எப்போதும் முன்பக்கம், வலது கழுத்தை மறைத்தாற்போல் போட்டிருப்பார். புத்தகத்தைத் திறப்பதற்கு முன் எங்கள் டிபன் பாக்ஸைத் திறக்கச் சொல்கிற டீச்சரை அதற்கு முன் நாங்கள் பார்த்ததில்லை. தோசை மாவு ஏன் பொங்குகிறது, ஊறுகாய் ஏன் கெடுவதில்லை, உங்கள் நகத்துக்கு அடியில் எத்தனை பேர் குடியிருக்கிறார்கள் என்று தொடங்குவார். கண்ணுக்குத் தெரியாத ஜனங்களால் நிரம்பி வழியும் உலகம் ஒன்றை அவர் எங்கள் மேல் கவிழ்த்துவிட்டார். அதன் பிறகு எதையும் சும்மா தொட முடியவில்லை.

ஒரு நாள், டாக்டர் ஐந்து நாளைக்குக் கொடுத்த மாத்திரையை மூன்றாம் நாளே நிறுத்துகிற வீட்டுக்காரர்கள் கை தூக்குங்கள் என்றார். வகுப்பே தூக்கியது. "சரி, மூணு நாள்ல செத்தது சோப்ளாங்கிக் கிருமி. மிச்சம் உயிரோட இருக்கிறது யாரு? யோசிங்க." நாங்கள் யோசித்தோம். பின்வரிசையில் ஒருத்தி அழுதேவிட்டாள். அவள் தம்பிக்கு அன்றுதான் மாத்திரையை நிறுத்தியிருந்தார்கள்.

இன்னொரு நாள் பரம்பரை. நாக்கைச் சுருட்ட வருகிறதா, காது மடல் ஒட்டியிருக்கிறதா தொங்குகிறதா, வீட்டில் எல்லோரையும் பார்த்துக் குறித்து வரச் சொன்னார். எங்களோடு இருந்த அத்தைக்கு, அப்பாவின் அக்காவுக்கு, நாக்கு சுருளவில்லை. ஒரு வாத்தியாரம்மா தன் நாக்கைப் பற்றி விசாரிக்கிறாள் என்பதே அத்தைக்குப் பெரிய அவமானம். அன்றையிலிருந்து டீச்சர் மேல் அவளுக்கு ஒரு கண்.

அந்தப் பாடத்தின் நடுவில்தான் தயிர் வந்தது. தயிருக்கும் வம்சம் உண்டு என்று சொல்லி, கரும்பலகையில் தயிருக்கு ஒரு குடும்ப மரம் வரைந்தார். இன்றைய தயிர் நேற்றைய தயிரின் மகள், நேற்றையது முந்தாநாளின் மகள். "தினமும் ஒரு கரண்டி மிச்சம் வச்சாப் போதும். ஆயுசுக்கும் அடுத்த வீட்டு வாசல்ல போய் நிக்க வேண்டாம்."

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அப்படியானால் நீங்கள் எதற்கு எங்கள் வாசலில் வந்து நிற்கிறீர்கள்?

அன்று மாலை அத்தையிடம் இதைச் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. அத்தை பூத்தொடுப்பதை நிறுத்திவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். அப்பா கைலாசபுரத்தில் பெரிய ஆலையில் வேலை பார்த்தார். வாரத்துக்கு வாரம் ஷிஃப்ட் மாறும். ஒரு வாரம் காலையில் வீட்டில் இருப்பார், ஒரு வாரம் இருக்க மாட்டார்.

"உங்கப்பன் வீட்டுல இருக்கிற நேரமாப் பார்த்துத்தான் வர்றா," என்றாள் அத்தை. "உங்கம்மா ஒரு வெள்ளந்தி. அவளே உள்ள கூட்டி வச்சுக்கிறா."

பன்னிரண்டு வயதில் அந்த வாக்கியத்தின் முழு அர்த்தம் எனக்கு எட்டவில்லை. எட்டிய அளவே போதுமானதாக இருந்தது. எங்கள் வகுப்பில் ஒருத்தியின் அப்பா தென்னூரில் வேறு வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டதை எல்லோரும் காதோடு காதாகப் பேசிக்கொண்டிருந்த காலம். எங்கள் வீட்டின் நாலு சுவரும் அன்றிரவு என் கண்முன் மெல்ல விலகி விலகிப் போயின. பள்ளிக்கூடத்தில் நான் மிகவும் நேசித்தவர், என் வீட்டைக் கலைக்க ஒரு கிண்ணத்தோடு வருகிறாரா?

டீச்சரின் மாணவி என்பதால் சும்மா இருக்கவில்லை. காலண்டரில் அப்பாவின் ஷிஃப்டையும் டீச்சர் வந்த நாட்களையும் பென்சிலால் குறித்தேன். மூன்று வாரம். அப்பா இருந்தாலும் வந்தார், அப்பா அதிகாலை பஸ்ஸைப் பிடித்துப் போன பிறகும் வந்தார். அப்பா இருக்கும் நாட்களில் பேப்பரை விட்டுத் தலையைத் தூக்காமல், வாங்கம்மா என்பதோடு சரி. எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. காலண்டரை அத்தையிடம் காட்டினேன். பென்சில் கோடெல்லாம் உலகத்துக்கு ஆகாது என்றாள்.

அப்பா இல்லையென்றால் வேறு என்ன? சமையலறைக்குள் அம்மா மட்டும்தானே. என் மார்க்கைப் பற்றிப் பேசுகிறார்களா? அம்மா அவருக்கு எதையாவது எடுத்துக் கொடுக்கிறாளா? ஒருமுறை கதவிடுக்கில் பார்த்தேன். டீச்சரின் முதுகும், அதற்கு எதிரே அம்மாவின் முகமும் தெரிந்தன. அங்கன்வாடியில் பிள்ளைகளுக்குச் சத்துமாவு உருண்டை கொடுத்துவிட்டு, தின்கிறதா துப்புகிறதா என்று பார்ப்பாளே, அந்த முகம். அம்மா அங்கன்வாடி டீச்சர். அந்த முகத்தை ஒரு பெரிய மனுஷியிடம் எதற்குக் காட்டுகிறாள் என்று எனக்குப் புரியவில்லை. அதுவும் சந்தேகக் கணக்கில் சேர்ந்தது.

பிறகு சூடு பற்றிய பாடம் வந்தது. கொதிக்கவைத்தால் கிருமி சாகும், நல்லதும் சாகும் கெட்டதும் சாகும், நெருப்புக்கு நல்லவர் கெட்டவர் தெரியாது. டீச்சர் அதைச் சொல்லி முடிப்பதற்குள் என் மனசில் சோதனை முழுதாக உருவாகிவிட்டது.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அம்மா கடைக்குப் போயிருந்த நேரம், ஒரு கரண்டி மோரை அடுப்பில் வைத்துக் கொதிக்கவிட்டேன். திரிந்து, தண்ணீர் வேறு சக்கை வேறாக நின்றது. ஆறவைத்து நன்றாக அடித்துக் கலக்கி, ஒரு சம்படத்தில் மூடி ஃப்ரிட்ஜின் மூலையில் ஒளித்தேன். ஒப்பிட்டுப் பார்க்காமல் முடிவு கட்டக் கூடாது என்பதால், அத்தையின் பூக்கூடைக்குப் பின்னால் இரண்டு கிண்ணங்களில் பால் வைத்தேன். ஒன்றில் நல்ல மோர், ஒன்றில் கொதித்த மோர். காலையில் முதல் கிண்ணம் கட்டித் தயிர். இரண்டாவதில் பால் பாலாகவே கிடந்தது. அதைப் பார்த்தபோது எனக்கு வந்த சந்தோஷத்தை இன்றுவரை எந்தக் கவிதையும் கொடுத்ததில்லை.

புதன்கிழமை ஏழே முக்காலுக்கு டீச்சர் வந்தார். செத்த மோரை அவர் கிண்ணத்தில் ஊற்றினேன். வழக்கம்போலத் திறந்து பார்க்காமல் வாங்கிக்கொண்டு போனார்.

வெள்ளிக்கிழமை வாசற்படியிலேயே மறித்துக் கேட்டேன். "டீச்சர், முந்தாநாள் மோர்ல தயிர் உறைஞ்சுதா?"

"ஓ, கத்தியால வெட்டலாம் போல. உங்க வீட்டு உறை மாதிரி வராதுடா," என்று என் கன்னத்தைத் தட்டினார்.

அந்தத் தட்டு எரிந்தது. அவ்வளவு அழகாகப் பொய் சொல்ல அவருக்குத் தெரியும் என்பது, பொய்யைவிட அதிகமாக வலித்தது.

திங்கட்கிழமை வகுப்பில், யாராவது வீட்டில் எதையாவது சோதித்துப் பார்த்தீர்களா என்று கேட்டார். வாரம் ஒருமுறை கேட்பது வழக்கம். அன்று நான் எழுந்தேன். நாலு பேருக்கு முன்னால் அவரை மடக்க வேண்டும் என்றுதான் எழுந்தேன். அதைத் தெரியாமல் செய்தேன் என்று சொல்ல மாட்டேன்.

கொதித்த மோர், நல்ல மோர், இரண்டு கிண்ணம் எல்லாவற்றையும் சொன்னேன். டீச்சர் முகம் மலர்ந்துகொண்டே வந்தது. பலகையில் எழுதவே தொடங்கிவிட்டார். அப்போது மிச்சத்தையும் சொன்னேன்.

"அந்தக் கொதிச்ச மோரை ஒரு வீட்டுக்குக் குடுத்தேன் டீச்சர். அவங்க தயிர் கட்டியா உறைஞ்சுதுன்னு சொன்னாங்க."

சாக்பீஸ் நின்றது. வேறு வீட்டிலும் வாங்கியிருப்பார்கள் என்றாள் ஒருத்தி. அவங்க புளுகுறாங்க டீச்சர் என்றாள் இன்னொருத்தி. வகுப்பு சிரித்தது. டீச்சர் திரும்பவில்லை. பலகையைப் பார்த்தபடியே, என்ன முடிவு எழுதியிருக்கே என்று கேட்டார்.

"அவங்களுக்கு மோர் தேவையே இல்லை. வேற எதுக்கோ வராங்க."

"எந்த வீடுடி? சொல்லுடி," என்று என் பாவாடையை இழுத்தாள் பக்கத்தில் இருந்தவள். தாளாளர் வீட்டுப் பேத்தி அவள். அவள் காதில் விழுந்தது ராத்திரிச் சாப்பாட்டுக்குள் தாளாளர் காதிலும் விழுந்துவிடும். நான் வாயைத் திறந்துவிட்டேன். அதற்குள் டீச்சர் திரும்பினார். கை தானாகப் போய்ப் பின்னலைக் கழுத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தது.

"சோதனையில ஆளோட பேரைச் சொல்றதில்லை. அது விதி." குரலில் கோபம் இல்லை. "முடிவு சரிதான். உட்காரு."

உட்கார்ந்தேன். ஜெயித்திருந்தேன். ஜெயித்தது கொஞ்சமும் இனிக்கவில்லை.

புதன்கிழமை டீச்சர் வரவில்லை. ஏழே முக்காலுக்கு அம்மா ஒரு டம்ளர் தண்ணீரோடு சமையலறையில் நின்றாள். எட்டுக்கும் நின்றாள். அத்தை ஒரு பாட்டை முணுமுணுத்தபடி வாசலுக்கும் கூடத்துக்குமாக நடந்தாள். டீச்சருக்கு என்ன ஆச்சு என்று அம்மா என்னிடம் கேட்க, நான் பெருமையாகவே எல்லாவற்றையும் சொன்னேன்.

"கொதிக்க வச்சியா?" என்றாள் அம்மா. "நல்ல மூளைடி உனக்கு." டம்ளர் தண்ணீரைத் தானே குடித்துவிட்டு அங்கன்வாடிக்குக் கிளம்பினாள். நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

அன்று நடந்தது என்ன என்று அம்மா என்னிடம் சொன்னது, நான் வேலைக்குப் போய்ச் சில வருஷம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை, பீன்ஸ் நறுக்கிக்கொண்டே, பாதிப் பாதி வாக்கியங்களில்.

டீச்சருக்குக் கழுத்தில் நெறி கட்டியிருந்தது. துளி சதை எடுத்துப் பார்த்ததில் டி.பி. நுரையீரலில் இல்லை, யாருக்கும் ஒட்டாது. ஆனால் அந்தப் பெயர் வெளியே போனால், ஒட்டுமா ஒட்டாதா என்று தாளாளர் விசாரித்துக்கொண்டிருக்க மாட்டார். லால்குடியில் பேசி முடித்திருந்த கல்யாணமும் நிற்கும். மாத்திரை அரசாங்கம் இலவசமாகக் கொடுத்தது, ஒரே ஒரு நிபந்தனையோடு. யாராவது ஒருவர் கண்ணெதிரில் அதை விழுங்க வேண்டும். ஒருநாள் விட்டு ஒருநாள், ஒரு வேளைக்கு ஏழு மாத்திரை. பார்க்கிறவர் அங்கன்வாடி டீச்சராக இருக்கலாம். ஆஸ்பத்திரி வரிசையில் நின்றால் ஊர் பார்க்கும். அங்கன்வாடியில் தெருவின் தாய்மார்கள் எல்லோரும் இருப்பார்கள். எங்கள் வீட்டில் அத்தை இருந்தாள். அதனால் இரண்டு பேருமாக உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடித்த காரணம்தான் உறை மோர். மருந்துப் பெட்டி பரண்மேல் சத்துமாவு டின்னுக்குள் இருந்திருக்கிறது. அப்பாவுக்கு மட்டும் தெரியும்.

அந்தப் புதன்கிழமை மாலை, அம்மா டீச்சரின் மாடி அறைக்குப் போயிருக்கிறாள். டீச்சர் துணிமணியைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாராம். உங்க பொண்ணு கண்டுபிடிச்சுட்டா, நாளைக்கு ஊரே கண்டுபிடிக்கும், பாதியோடு போதும் அக்கா, ஊருக்குப் போகிறேன் என்றாராம். அம்மா கோபப்படவில்லை. "மூணு நாள்ல நிறுத்தினா மிச்சம் உயிரோட இருக்கிறது யாருன்னு கிளாஸ்ல கேட்டீங்களாமே டீச்சர். எம்பொண்ணு ஒரு வாரமா அதையே சொல்லிக்கிட்டுத் திரிஞ்சா. நீங்களே பதிலைச் சொல்லுங்க," என்று கேட்டாளாம். டீச்சர் ரொம்ப நேரம் அழுதாராம். அப்புறம் அம்மா கொண்டுபோயிருந்த ஏழு மாத்திரையையும் விழுங்கினாராம்.

இவை எதுவும் அன்று எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம், அந்த வாரத்திலிருந்து எனக்கு மறதி வந்துவிட்டது.

முதலில் ஜியாமெட்ரி பாக்ஸ். வெள்ளிக்கிழமை இரண்டாவது பீரியடில் பையைத் திறந்தால் இல்லை. இன்டர்வெல்லுக்கு அம்மா பள்ளிக்கூட வாசலில் நிற்கிறாள், கையில் பாக்ஸோடு. வீட்டிலேயே வைத்துவிட்டுப் போயிருந்தாயே என்றாள். திங்கட்கிழமை தமிழ் நோட்டு. புதன்கிழமை சாப்பாட்டு ஸ்பூன். ஒவ்வொரு முறையும் அம்மா வந்தாள். எங்கள் எட்டாம் வகுப்பு மாடியில் இருந்தது, அம்மாவுக்கு முழங்கால் வலி. அதனால் சயின்ஸ் டீச்சரே கீழே இறங்கிப் போய், குடுங்க அக்கா நான் குடுத்துடறேன் என்று வாங்கி வருவார். அப்படியே கீழே லேப் பக்கம் நின்று இரண்டு நிமிஷம் பேசிவிட்டு அம்மா போய்விடுவாள்.

"இன்னிக்கு என்னடி விட்டுட்டு வந்தே? தலையையா?" என்று கேட்டாள் தாளாளரின் பேத்தி. ஊர் முழுக்கச் சந்தேகப்பட்ட நான், இந்த விஷயத்தில் என்னை மட்டும்தான் சந்தேகப்பட்டேன். இரவில் பையை இரண்டு தடவை அடுக்கினேன். ஒரு திங்கட்கிழமை காலை பையை மடியிலேயே வைத்துக்கொண்டு சாப்பிட்டேன். கிளம்பும்போது, ரிப்பன் கோணலா இருக்கு, திரும்பு என்று அம்மா முதுகுப் பக்கம் நின்று சரிசெய்து அனுப்பினாள். அன்றும் பள்ளிக்கூடத்தில் பூகோள நோட்டு இல்லை. எனக்குப் பயமாகிவிட்டது. மறக்கிற நாட்களைக் காலண்டரில் குறித்துப் பார்க்கலாம் என்றுகூடத் தோன்றவில்லை. அடுத்தவர் நடமாட்டத்துக்குத்தான் காலண்டர், நம் மூளைக்கு எதற்கு?

ஒருமுறை மாடி வராந்தாவிலிருந்து எட்டிப் பார்த்தேன். லேப் குழாயடியில் டீச்சர் தலையை அண்ணாந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். அம்மா எதிரே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். குடித்து முடித்ததும் டீச்சர் வாயை ஆவென்று திறந்து காட்டினார். பல்வலி போலிருக்கிறது என்று நினைத்தேன்.

அத்தைதான் வல்லாரைக் கீரை என்றாள். படிக்கிற பிள்ளைக்கு மூளை மங்கிப்போச்சு, அந்த வாத்தியாரம்மா கண்ணு பட்டிருக்கும், வல்லாரை கொடு என்று அம்மாவை விரட்டினாள். அம்மா மறுக்கவில்லை. தினமும் காலையில் துவையல் அரைத்து, என் முகத்தைப் பார்க்காமல் தட்டில் வைத்தாள். நெய் தாராளமாக விட்டாள். கசப்பு போக ஒரு துண்டு வெல்லமும் வைத்தாள். மற்ற விஷயங்களில் அவ்வளவு தாராளம் கிடையாது. மறதிக்காரியாக இருப்பதில் இப்படி ஒரு லாபம் உண்டா என்று நானும் பேசாமல் சாப்பிட்டேன். டீச்சர் மாத்திரை விழுங்குவதை வாரத்துக்கு ஒரு தடவை பார்த்தால் போதும் என்று ஆஸ்பத்திரியில் சொன்ன பிறகும், மூன்று தடவையும் கண்ணால் பார்த்தால்தான் ஆச்சு என்று அம்மா பிடிவாதமாக இருந்தாளாம். ஆகவே என் மறதி நீண்டது. மாதங்கள் ஓடின. கொள்ளிடத்தில் தண்ணீர் வந்து, போய், மணல் மறுபடி வெளுத்தது.

முழு ஆண்டுப் பரீட்சைக்கு முன்னால், ஒரு வாரத்தில், மறதி போய்விட்டது. ஒரு பொருளும் தொலையவில்லை. அடுத்த வாரமும் தொலையவில்லை.

சயின்ஸ் ரெக்கார்டில் சொந்தமாகச் செய்த சோதனை ஒன்றை எழுத வேண்டும். நான் முழுப் பக்கத்துக்கு எழுதினேன். நோக்கம்: வல்லாரை மறதியைப் போக்குமா என்று அறிதல். செய்முறை: தினமும் காலையில் துவையல். கண்டறிந்தது: பொருட்கள் மறப்பது முழுவதும் நின்றது. முடிவு: வல்லாரை மறதியைக் குணப்படுத்தும். நிரூபிக்கப்பட்டது. அடியில் ஸ்கேல் வைத்து இரண்டு கோடு போட்டேன்.

டீச்சர் ஸ்டாஃப் ரூமில் அதை வாசித்தார். மேலிருந்து கீழ்வரை ஒரு தடவை, மறுபடி ஒரு தடவை.

"வல்லாரை சாப்பிடறதை நிறுத்திப் பார்த்தியா? திரும்ப மறதி வருதான்னு?"

"வேண்டாம் டீச்சர். எனக்கு நம்பிக்கை இருக்கு."

சிவப்புப் பேனா காகிதத்துக்கு மேலே நின்றுகொண்டே இருந்தது. மற்றவர்களுடைய ரெக்கார்டில் ஒரு முடிவைக்கூடச் சும்மா விடாதவர்; எப்படித் தெரியும், எதை வைத்துச் சொல்கிறாய் என்று ஓரமெல்லாம் எழுதித் திருப்பி அனுப்புகிறவர். என் பக்கத்தில் சரி என்று பெரிதாக எழுதினார். முழு மார்க் போட்டார். நோட்டை மூடி என் கையில் கொடுக்கும்போது விடாமல் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையை என் தலைமேல் வைத்தார்.

முழு மார்க் வாங்கியதற்காக என்று நினைத்துக்கொண்டு ஓடினேன்.